தமிழில் ஒரு கையெழுத்து

சனிக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். மைக்ரோவேவின் பச்சை எண்கள் அப்படித்தான் காட்டின. வாசல் மணி அடித்ததும் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜிப்லாக் பை. பள்ளிக்கு சாண்ட்விச் கொண்டுபோகும் சின்னப் பை அல்ல, ஃப்ரீசரில் கோழி வைக்கும் பெரிய பை. உள்ளே மடிப்புக் கலைத்து நீவிய ஒரே ஒரு காகிதம். அதைப் பிடித்திருந்த கையில் மருத்துவமனை அடையாள அட்டையின் நாடா இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

மாடிவீட்டு ஆன்ட்டி. இரவுப் பணி முடித்த நீல உடையிலேயே நின்றிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. டெக்சாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். பள்ளி விட்டு வந்ததும் அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை நான் ஆன்ட்டி வீட்டில்தான் இருப்பேன். பகலில் தூங்குபவர் எனக்காக மூன்று மணிக்கு எழுந்துகொள்வார். மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு.

ஆன்ட்டி இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் ஒரு மலை மாவட்டத்தைச் சேர்ந்தவர், பழங்குடிப் பெண். வேலூரில் நான்கு வருடம் நர்சிங் படித்ததில் ஹாஸ்டல் தமிழ் சரளமாக வந்துவிட்டது. முதன்முதலாக எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவுக்கு வந்தபோது பந்தியில் ஒரு மாமி, "சைனாவா, கொரியாவா?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். "இந்தியாதான் மாமி. சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இவர் பதில் சொல்ல, பந்தியே சிரித்ததாம். அன்றிலிருந்து அவர் பெயர் சாம்பார் ஆன்ட்டி. அந்த மலையின் பெயரை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் 'நார்த் ஈஸ்ட்' என்ற அளவோடு பூகோளம் முடிந்துவிட்டது.

அந்த வருடம் மே மாதம் பெரியப்பா திருச்சியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். எல்லைப் படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சங்கத்தில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பனிமலையில் காவல் நின்றதைப் பற்றிப் பேசினார். கைதட்டல் ஓய நீண்ட நேரம் ஆனது.

பெரியப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. பணியில் இருந்த காலம் முழுவதும் தமிழில்தான் கையெழுத்துப் போட்டாராம். மேலதிகாரிகள் எத்தனை முறை கேட்டும் மாற்றிக்கொள்ளவில்லையாம். அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தமிழ் வகுப்பில் எங்களுக்கு ஒரு வாசிப்பு ஏடு கொடுத்திருந்தார்கள். தினமும் பதினைந்து நிமிடம் உரக்கப் படிக்க வேண்டும். படித்ததைக் கேட்டவர் அந்தத் தேதிக்கு எதிரே கையெழுத்திட வேண்டும். அம்மா கண்டிப்பானவர், கேட்காமல் போட மாட்டார். பெரியப்பா வந்த இரண்டாம் நாள் ஏட்டை அவரிடம் நீட்டினேன். ஒரு மாதத்துக்கான கட்டங்கள் முழுவதையும் ஒரே மூச்சில் போட்டு முடித்தார்.

"இன்னும் படிக்கவே இல்லயே பெரியப்பா?"

"எப்படியும் படிக்கத்தானே போற. போ, போய் விளையாடு."

உலகத்திலேயே நல்ல பெரியவர் இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அம்மா மாடிக்குக் குழம்பு கொண்டுபோனபோது பேச்சுவாக்கில் பெரியப்பாவைப் பற்றி, எங்கள் மாமாவும் உங்கள் பக்கம் இரண்டு வருடம் இருந்தவர்தான் என்று சொல்லி, மாவட்டத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறார். எந்த வருடம் என்று ஆன்ட்டி கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்டு வந்து சொன்னார். அதன் பிறகு வந்த சனிக்கிழமைதான் இது.

"சாரி சார். தூங்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லம்மா, உக்காரு. டூட்டி முடிச்சு நேரா வர்றியா?"

"எட்டு மணிக்கே வந்துட்டேன் சார். நீங்க டிபன் சாப்பிட்டு முடிக்கட்டும்னு மேலயே இருந்தேன்."

அம்மா இட்லி சாப்பிடச் சொன்னார். அப்புறம் சாப்பிடுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி பையைத் திறந்து, காகிதத்தை டீப்பாயின் மேல் பெரியப்பாவின் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். நோயாளியின் நிலையை அடுத்த ஷிஃப்ட் நர்சிடம் சொல்வதைப்போல, குரல் ஏறாமல், இறங்காமல்.

அவருடைய தம்பி நான்கு மாதமாகத் தெற்கு டெக்சாஸில் ஒரு தடுப்பு மையத்தில் இருக்கிறார். மெக்சிகோ எல்லையில் வந்து தஞ்சம் கேட்டவர். வருகிற வியாழக்கிழமை நீதிபதி முன் விசாரணை. ஊரில் ஒரு நாள் சந்தையிலிருந்து வரும் வழியில் அவரைப் படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அதற்கு முன் அவர் சர்ச்சில் கிட்டார் வாசித்தவர்.

எல்லை மாவட்டங்களில் நடப்பிலிருந்த சிறப்பு அதிகாரச் சட்டத்தைப் பிற்பாடு நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். சந்தேகத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் ஒருவரைப் பிடிக்கலாம். பிடித்தவரைக் கூடிய சீக்கிரம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று அதில் இல்லை. ஒப்படைக்கும்போது முகாம் மருத்துவர் ஒரு சான்றிதழ் தருவது வழக்கம். டீப்பாயின் மேல் இருந்தது அதன் நகலின் நகல். வெளிக்காயம் எதுவும் இல்லை, காவலில் வைக்கத் தகுந்தவர் என்று இங்கிலீஷில் அச்சடித்த படிவம். பெயரும் தேதியும் மட்டும் பேனாவில் நிரப்பியிருந்தது.

தம்பி அந்த முகாமில் இருந்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் காகிதம். அங்கே அவருக்கு எதுவும் நேரவில்லை என்று சொன்னதும் அதே காகிதம்தான்.

"கோர்ட்ல எல்லாத்தையும் டிரான்ஸ்லேட் பண்ணிக் குடுக்கணும் சார். கீழ கையெழுத்து தமிழ் மாதிரி இருக்கு. எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. இது யாரு பேருன்னு வக்கீல் கேக்கறாரு. நீங்க அந்தப் பக்கம் இருந்தவரு, தெரிஞ்சிருக்கும்னு வந்தேன்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முத்திரை இருந்த இடம் ஒரு கறுப்புத் திட்டாக இருந்தது.

"ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்திருக்காங்க. ஒன்னும் புரியலம்மா. டாக்டர் கையெழுத்து இல்லையா, கிறுக்கி வெச்சிருக்கான்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

நான் சோபாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். முன்னெழுத்து, அதற்குப் பக்கத்தில் அழுத்தி வைத்த புள்ளி, கடைசி எழுத்தின் வால் பின்னால் வளைந்து பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடியது.

"பெரியப்பா, தட்ஸ் யுவர்ஸ்!" என்றேன்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஓடிப்போய் வாசிப்பு ஏட்டை எடுத்துவந்தேன். மே மாதப் பக்கத்தைத் திறந்து காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஸீ? சேம் டெய்ல்" என்று விரல் வைத்துக் காட்டினேன். யாராவது வெரி குட் சொல்வார்கள் என்று காத்து நின்றேன்.

ஆன்ட்டி ஏட்டைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தார்.

"உள்ள போடி" என்றார் அம்மா. நான் சமையலறைக் கதவு வரைதான் போனேன்.

பெரியப்பா ஏட்டை மூடி வைத்தார். "அன்னிக்குப் பதினோரு பேருக்குப் பேப்பர் வந்துது. வண்டி ஸ்டார்ட் பண்ணி நிக்குது. மழை வேற. மலைப்பாதை மூடிருவாங்கன்னு அவசரப்படுத்தினாங்க. பானட் மேல வெச்சே போட்டுக் குடுத்துட்டேன்."

"அவன் கையைப் பாத்தீங்களா சார்?"

"யாரையும் வண்டிய விட்டு எறக்கவே இல்லம்மா. முகத்தக்கூடப் பாக்கல."

ஆன்ட்டி தலையாட்டினார். கோபமில்லை. மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டவரைப்போல இருந்தார். "அத மட்டும் எழுதிக் குடுங்க சார். காயம் இருந்துதுன்னு எழுத வேணாம். அடிச்சாங்கன்னு எழுத வேணாம். பாக்காம போட்டேன்னு மட்டும். ரெண்டு வரி போதும்."

"அண்ணே" என்று அப்பா குறுக்கிட்டார். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் சட்டப்படி நடந்த வேலம்மா. டெல்லியில அனுமதி குடுக்காம எங்க மேல யாரும் ஒரு கேஸ்கூடப் போட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் என்ன பயம் சார்?"

பெரியப்பா எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் சிஸ்டர் என்றார் அப்பா. அம்மா ஒரு டப்பாவில் ஆறு இட்லியும் சட்னியும் வைத்துக் கொடுத்தார். ஆன்ட்டி காகிதத்தைப் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி மூடிக்கொண்டு படியேறினார்.

மதியம் முழுவதும் வீட்டில் பேச்சு நடந்தது. நான் கம்பளத்தில் படுத்துக்கொண்டு நூலகப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிரீன் கார்டு ஃபைல் பெண்டிங்ல கிடக்கு. இந்த நேரத்துல இமிக்ரேஷன் கோர்ட்ல நம்ம வீட்டு அட்ரஸ் ஏறணுமா?" என்றார் அப்பா. "அண்ணனுக்குப் பென்ஷன் வேற இருக்கு."

"மூணு வருஷமா நம்ம பிள்ளையப் பாத்துக்கறாங்க. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு மாடி ஏறுவேன்?" என்றார் அம்மா. "மாமா அவங்ககிட்ட சொன்னதைத்தான எழுதச் சொல்றாங்க? ரெண்டு வரி."

பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங்கைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு வரியோட நிக்காதும்மா. பாக்காம போட்டேன்னு ஒன்னுக்கு எழுதினா, மத்ததுக்கு? நான் போட்டது ஒரு கையெழுத்தா?"

அதன் பிறகு அம்மா வாதாடவில்லை. "சரி, இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல வேணாம். ஏதாவது ஒன்னு எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற சொல் நேராக வராது. கல்யாணத்துக்குப் போக முடியாது என்று தெரிந்தாலும் கட்டாயம் வருகிறோம் என்போம். வேண்டாத பலகாரத்தை வாங்கி ஃப்ரீசரில் வைப்போம். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால்தான் பாவம். கையில் கொடுத்தது எதற்கு உதவும் என்பது அடுத்த பேச்சு. அம்மா கேட்டது அந்த மரியாதையைத்தான். பெரியப்பா உடனே ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து நான் திரும்பியபோது பெரியப்பா சொல்லச் சொல்ல அப்பா லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கம். பிரின்டரில் இரண்டாம் முறைதான் ஒழுங்காக வந்தது. பெரியப்பா அதைப் புத்தகத்தின் மேல் வைத்து, இங்கிலீஷில் கையெழுத்திட்டார். நான் அதற்கு முன் அவருடைய இங்கிலீஷ் கையெழுத்தைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"ஏன் பெரியப்பா தமிழ்ல போடல?"

"இங்க இருக்கறவனுக்குத் தமிழ் புரியுமா?" என்றார்.

உறையை ஒட்டி, மாடியில் கொடுத்துவிட்டு வா என்று என்னிடம் கொடுத்தார்கள். மணி நான்கு. இரண்டிரண்டு படிகளாக ஏறினேன். ஆன்ட்டியின் தம்பியை நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் இங்கேயே வந்துவிடுவார், மாடி வீட்டில் கிட்டார் இருக்கும் என்று படியிலேயே முடிவு செய்துவிட்டேன். கையெழுத்தைக் கண்டுபிடித்தது நான். கடிதத்தைக் கொண்டுபோவதும் நான். அதனால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்தேன்.

ஆன்ட்டி கதவருகே நின்றபடியே உறையைக் கிழித்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணை மேலே கொண்டுபோய் இரண்டாம் முறை படித்தார். பிறகு அதே மடிப்பில் மடித்தார்.

"ஹேப்பியா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"பெரியப்பாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு கண்ணு" என்றார். உள்ளே போய் அம்மாவின் டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது.

கீழே வந்ததும் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே மூன்று வருடத்தில் ஒரு பாத்திரமும் காலியாகப் போனதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சாவது வைத்து அனுப்புவார். அம்மா மூடியை மூடி அலமாரியில் வைத்தார். கடிதம் கொடுத்தாயா என்று அப்பா கேட்டார். கொடுத்தேன், தேங்க்ஸ் சொன்னார் என்றேன். "பாத்தியா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து என்னைப் பள்ளியிலேயே மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் பெரியப்பா ஊருக்குப் போனார். அதே மாதம் ஆன்ட்டியும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஹூஸ்டன் போய்விட்டார். நான் பள்ளி விட்டு வந்தபோது மாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. இரண்டு பேர் கம்பளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று பல நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

பதினைந்து வருடம் கழித்து, ஒரு செய்தித்தாளின் நிருபராக வேறொரு வேலையாய் ஹூஸ்டன் போயிருந்தபோது அவரைத் தேடிப் பிடித்தேன். அங்கே காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று அழைக்கப்படும் இந்தியக் கடைவீதியில் ஒரு தோசைக் கடையில் சந்தித்தோம். தமிழ் அப்படியே இருந்தது. நான் கேட்பேன் என்று தெரிந்தே கோப்பைக் கொண்டுவந்திருந்தார்.

பெரியப்பாவின் கடிதத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். குறிப்பிட்ட நபரைத் தாம் நேரில், முழுமையாகப் பரிசோதித்ததாகவும், அவர் உடலில் எந்தக் காயமும் இருக்கவில்லை என்றும், சான்றிதழில் உள்ளது தம் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்றும் அதில் இருந்தது. அவர் நலம்பெற வாழ்த்தி முடித்திருந்தார்.

வக்கீல் அதைத் தாக்கல் செய்யவில்லை. சான்றிதழைத் தாக்கல் செய்யாமல் இருக்க முடியவில்லை. வெளிக்காயம் எதுவும் இல்லை என்ற அந்த ஒரு வரியை அரசுத் தரப்பு வழக்கறிஞர் இரண்டு முறை படித்துக் காட்டினாராம். மனு தள்ளுபடி. மேல்முறையீடும் தள்ளுபடி.

"அந்தக் கையெழுத்தை நான் காட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ காட்டலன்னாலும் எனக்குத் தெரியும் கண்ணு. தினமும் என் டேபிள்ல உக்காந்துதான உன் தமிழ் வாசிப்பு நோட்டை விரிச்சு வெப்ப? முந்தின நாளே ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் யாருன்னு கேட்டீங்க?"

"சாரே சொல்லட்டும்னுதான்."

அவர் தட்டில் தோசை ஆறிப்போயிருந்தது. தம்பியைப் பற்றிக் கேட்டேன். கோப்பின் கடைசித் தாளை என் பக்கம் திருப்பினார். அந்த வருடம் டிசம்பரில் டெல்லிக்கு விமானம் ஏற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து ரயிலில் இரண்டு நாள், பிறகு பஸ். மலையடிவாரத்தில் உள்ள சோதனைச் சாவடியில் மாலை நான்கு பத்துக்கு அவருடைய பெயரும் ஊரும் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து வீட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அதற்குப் பிறகு எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.